வீடு தேடி வரும் வைத்தியமும் நமது சங்கத்தின் கடமையும்

(ஒரு கிராமக் கூட்டுறவு நாணய சங்கத்தின் வருஷாந்தர மகாசபையில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



சங்கத்தின் வரவு செலவு அறிக்கையைக் காரியதரிசி வாசிக்கக் கேட்டீர்கள். கணக்கைப் பற்றி நான் சொல்லவேண்டியவற்றைத் தணிக்கைக் குறிப்பில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி எனக்களித்த நேரத்தில் நம் ஒவ்வொருவருடைய தேக சுகத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன். பேரேட்டைப் பார்க்க வந்தவருக்கு வைத்தியத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். அதற்குக் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடன் மனுக்களில் பயிர்ச் செலவு, கறவை மாடு, மோட்டார் பம்பு, நகை ஈடு என்று பலவித நோக்கங்கள் எழுதப்படுகின்றன. தவணை தவறியபின் விசாரிக்கப் போனால் கேட்கும் சமாதானங்கள் மூன்று நான்குதான். மழை பொய்த்தது என்பது ஒன்று. விலை இறங்கிவிட்டது என்பது மற்றொன்று. இவற்றிற்கு அடுத்தபடியாக, சில கிராமங்களில் இவற்றிற்கும் முன்னதாக, நான் கேட்பது வீட்டில் நேர்ந்த வியாதியைப் பற்றியதே. சர்க்கார் ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. இன்ஷ்யூரன்ஸ் திட்டமும் இருக்கிறது. ஆயினும் துணைக்குப் போகிறவரின் கூலி, பஸ் சத்தம், சாப்பாட்டுச் செலவு இவற்றை யாரும் கொடுப்பதில்லை. ஏர் பிடித்த கை பக்கவாதத்தால் விழுந்துவிட்டால் அந்தக் கையின் சம்பாத்தியத்தை எந்த இன்ஷ்யூரன்ஸும் திருப்பிக் கொடுப்பதில்லை. ஆகையால் அங்கத்தினரின் ஆரோக்கியம் சங்கத்தின் ஆஸ்தியைச் சேர்ந்தது என்பதே என் அபிப்பிராயம்.

நம் பாட்டனார் காலத்தில் ஜனங்களை வாரிக்கொண்டு போனவை வாந்திபேதி, பெரியம்மை, மலைக்காய்ச்சல் முதலியவை. வந்தால் தெருவெல்லாம் தெரியும். பெரியம்மை இந்தியாவில் 1975-ம் வருஷத்தோடு நின்று, 1980-ல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாகப் பிரகடனம் செய்யப்பட்டது. இளம்பிள்ளை வாதம் இந்நாட்டில் கடைசியாகக் கண்டது 2011-ம் வருஷம் ஜனவரி மாதத்தில். இவ்விரண்டையும் ஒழித்ததில் பெரிய ஆஸ்பத்திரிகளைவிட, வீடு வீடாக ஏறி இறங்கி அம்மைப்பால் குத்தியவர்களுக்கும் சொட்டு மருந்து கொடுத்தவர்களுக்கும் அதிகப் பங்கு உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருவேன்.

இப்போது நம்மைப் பிடித்திருக்கும் வியாதிகள் வேறு தினுசானவை. இரத்த அழுத்தமும் நீரிழிவும் சத்தமின்றி வீட்டிற்குள் புகுந்து வருஷக்கணக்காகக் குடியிருப்பவை. வலியில்லை, காய்ச்சலில்லை. மனிதர் வயலுக்குப் போகிறார், சந்தைக்குப் போகிறார், கல்யாணத்தில் பந்தி விசாரிக்கிறார். உள்ளே இரத்தக் குழாய்கள் தடித்துக்கொண்டும், சிறுநீரகம் தேய்ந்துகொண்டும், கண்ணின் திரை கெட்டுக்கொண்டும் இருக்கின்றன. அங்கத்தினர்களுக்குப் புரியும்படி சொன்னால், இது கேட்பாரில்லாமல் ஏறும் வட்டியைப் போன்றது. ஒரு நாள் நோட்டீசு வரும்போது அசலைவிட வட்டி பெரிதாக இருக்கும். அந்த நோட்டீசின் பெயர்தான் மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு என்பவை.

இதை அளந்து பார்ப்பதோ மிக எளிது. ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தபின் கையில் பட்டையைச் சுற்றி அளந்தால் இரண்டு எண்கள் கிடைக்கும். வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேல் எண் 140-க்கோ கீழ் எண் 90-க்கோ குறையாமல் இருந்தால் அதை இரத்த அழுத்த வியாதி என்கிறார்கள். வெறும் வயிற்றில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்து, மறு பரிசோதனையிலும் அப்படியே கண்டால் நீரிழிவு. இவ்வளவு சுலபமாகக் கண்டுபிடிக்கக்கூடிய வியாதிகளின் கதி என்ன தெரியுமா? தமிழ்நாட்டில் 2020-ம் வருஷத்தில் நடத்திய ஒரு பெரிய கணக்கெடுப்பில், இரத்த அழுத்தமுள்ளவர்களில் நூற்றுக்கு சுமார் 7 பேருக்கே அது கட்டுக்குள் இருந்தது. நீரிழிவுள்ளவர்களில் நூற்றுக்கு சுமார் 11 பேருக்கே கட்டுக்குள் இருந்தது. ஒரு சங்கத்தில் நூறு கடன்தாரர்களில் ஏழு பேர்தான் ஒழுங்காகத் தவணை கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சங்கத்தைக் கலைத்துவிடும்படி அல்லவோ நான் மேலே எழுதவேண்டியிருக்கும்!

மருந்தில்லாமலா இப்படி? இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். ஆனால் அதை வாங்க ஒரு நாள் கூலியை விடவேண்டும். பஸ் வரும் நேரம் வேறு, டாக்டர் இருக்கும் நேரம் வேறு. முழங்கால் வலியுள்ள கிழவி தனியாகப் போக முடியாது. மகன் திருப்பூரிலோ சென்னையிலோ இருப்பான். வீட்டுத் தாய்மாரோ எல்லோரும் சாப்பிட்டபின் தாம் சாப்பிடுவதுபோல், எல்லோருடைய வியாதியையும் பார்த்தபின்தான் தம் வியாதியைப் பார்ப்பார்கள். இவை எல்லாவற்றிற்கும் மேலாக, நன்றாக நடமாடும் மனிதருக்கு ஆஸ்பத்திரிக்குப் போகத் தோன்றுவதே இல்லை. ஆஸ்பத்திரி நோயாளி வருவதற்காகக் காத்திருக்கிறது. நோயாளி வலி வருவதற்காகக் காத்திருக்கிறார். வலி வரும்போது காலம் கடந்துவிடுகிறது. ஆகவே யாராவது ஒருவர் அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு வீட்டிற்கே வரவேண்டும் என்ற முடிவிற்குப் பல தேசத்தாரும் வந்திருக்கிறார்கள்.

கூட்டுறவாளர்களுக்குத் தெரிந்த ஒரு நாட்டிலிருந்தே முதல் உதாரணத்தை எடுக்கிறேன். கனடாவின் கீழ்க்கரையில் நோவா ஸ்கோஷியா என்ற மாகாணம் உண்டு. அங்கே ஆண்டிகோனிஷ் என்ற ஊரிலுள்ள செயின்ட் பிரான்ஸிஸ் சேவியர் சர்வகலாசாலை 1928-ல் ஒரு விஸ்தரிப்பு இலாகாவை ஏற்படுத்தியது. மோசஸ் கோடி என்ற பாதிரியார் அதன் மூலம் ஏழை மீனவர்களையும் குடியானவர்களையும் சிறு சிறு படிப்பு வட்டங்களாகச் சேர்த்து, நாணய சங்கங்களும் விற்பனைச் சங்கங்களும் நிறுவச் செய்தார். கூட்டுறவுப் பயிற்சியில் இந்தச் சரித்திரத்தைப் படிக்கிறோம். அதே மாகாணத்தில், பண்டி வளைகுடாவின் வாயிலில், லாங் தீவு, பிரையர் தீவு என்று இரண்டு சிறு தீவுகள் இருக்கின்றன. மீன் பிடித்துப் பிழைத்த சுமார் 1,200 ஜனங்கள் அங்கே இருந்தார்கள்; அநேகர் வயதானவர்கள். பிரையர் தீவிலிருந்து டிக்பி என்ற ஊரின் ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு தோணித்துறைகளைத் தாண்டவேண்டும். தீவில் குடியிருக்கும் டாக்டர் இல்லை. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் மட்டும் இரவும் பகலும் காவல் இருந்தார்கள். அவ்வளவு சிறிய ஊரில் அவசர அழைப்பு எப்போதோ ஒன்று வரும். மற்ற நேரமெல்லாம் வண்டியும் ஆட்களும் சும்மா இருப்பார்கள்.

இந்த நூற்றாண்டின் ஆரம்ப வருஷங்களில் அங்கே ஒரு யோசனை செய்தார்கள். மனிதர் விழுந்தபின் தூக்கிப் போகவேண்டிய ஊழியரே, விழுமுன் அவர் வீட்டிற்குப் போனால் என்ன? அந்த ஊழியர்களுக்கு மேற்பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வீடுகளுக்குச் சென்று இரத்த அழுத்தம் பார்த்தார்கள். புண்ணுக்குக் கட்டுக் கட்டினார்கள். பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள். குளிர்காலச் சுரத்திற்குத் தடுப்பு மருந்து குத்தினார்கள். கிழவர்கள் இடறி விழும்படியான படியோ விரிப்போ வீட்டில் உண்டா என்று பார்த்தார்கள். உயர்பயிற்சி பெற்ற ஒரு நர்சம்மாள் தீவில் இருந்தார். டாக்டர் வெளியூரிலிருந்து டெலிபோன் மூலம் யோசனை சொன்னார். 2009-ல் இதைப் பற்றிய ஆராய்ச்சி பிரசுரமாயிற்று. முதல் வருஷத்தில் ஒரு நபருக்கு 2,380 டாலராக இருந்த செலவு மூன்றாம் வருஷத்தில் 1,375 டாலராகக் குறைந்தது என்று அதில் கண்டிருக்கிறது. வருமுன் காப்பது தர்மம் மட்டுமல்ல, சிக்கனமும் ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

அது செல்வமுள்ள தேசம், நம்மால் ஆகுமா என்று கேட்பீர்கள். மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி என்ற காட்டு ஜில்லாவில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் என்ற தம்பதிகள் செய்த வேலையைக் கேளுங்கள். அங்கே பிறந்த குழந்தைகள் முதல் மாதத்திற்குள்ளேயே அதிகமாக இறந்துகொண்டிருந்தன. ஆஸ்பத்திரி தூரம், பச்சைக் குழந்தையை வெளியே எடுத்துப் போகும் வழக்கமும் இல்லை. அவர்கள் 39 கிராமங்களில் அந்தந்த ஊர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பழக்கினார்கள். அந்தப் பெண்கள் பிரசவமான வீட்டிற்குப் பலமுறை சென்று, குழந்தையை நிறுத்து எடை குறித்து, குளிரில்லாமல் போர்த்தக் கற்பித்து, தாய்ப்பால் கொடுக்கச் சொல்லி, விஷக்காய்ச்சலின் அடையாளம் கண்டால் கற்றபடி மருந்தும் ஊசியும் கொடுத்தார்கள். வேறு 47 கிராமங்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், மூன்றாம் வருஷத்தில் அக்குழந்தைகளின் மரணம் நூற்றுக்கு சுமார் 62 பங்கு குறைந்திருந்தது. 1999-ல் லான்ஸெட் என்ற வைத்தியப் பத்திரிகையில் இது வெளியாயிற்று. அந்தப் பெண்கள் பட்டம் பெற்றவர்களல்லர். தராசும் கடிகாரமும் வெப்பமானியும் பழக்கமும் பொறுமையும்தான் அவர்களுடைய மூலதனம்.

நம் மாகாணத்திலும் இந்த முறை வந்துவிட்டது. 2021-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்புவது இதன் அடிப்படை. அவர்கள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதிக்கிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை வீட்டில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாயிருப்பவர்களுக்கு வலி தணிக்கவும் புண் ஆற்றவும் நர்சு வருகிறார். பக்கவாதத்தால் கைகால் மடங்கிப்போனவர்களுக்கு உடற்பயிற்சி கொடுக்க அதற்கென்று படித்தவர் வருகிறார். சிறுநீரகம் கெட்டு வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் சுத்தி செய்துகொள்பவர்களுக்கு மருந்து நீர்ப் பைகள் தரவும் ஏற்பாடு செய்யப்பட்டது. 2024-ல் இத்திட்டத்திற்கு ஐக்கிய நாடுகள் சபையைச் சேர்ந்த ஒரு குழுவின் விருது கிடைத்தது.

திட்டம் வந்துவிட்டது, விருதும் வந்துவிட்டது, இனி நமக்கென்ன வேலை என்று இருந்துவிடலாகாது. சர்க்கார் ஒரு பெண்ணை நம் தெருவரைக்கும் அனுப்பலாம். கதவைத் திறப்பது நம் கையில் இருக்கிறது.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சிலர் ஏளனமாகப் பேசுவதுண்டு. “நேற்றுவரை நம்மோடு களை எடுத்தவள் இன்று வைத்தியம் பார்க்க வந்துவிட்டாளா?” என்பார்கள். அவள் வைத்தியம் பார்க்கவில்லை. வியாதி இன்னதென்று தீர்ப்பதும் மருந்தை மாற்றுவதும் டாக்டரின் அதிகாரம். அவள் அளக்கிறாள், எழுதுகிறாள், கொண்டுவந்து கொடுக்கிறாள், எல்லை மீறினால் டாக்டருக்குத் தெரிவிக்கிறாள். சங்கத்தின் காரியதரிசி கடன் மஞ்சூர் செய்வதில்லை. நிர்வாக சபை செய்கிறது. அதனால் காரியதரிசி வேண்டாமென்று யாராவது சொல்வீர்களா? அவர் கணக்கைச் சரியாக எழுதாவிட்டால் நிர்வாக சபை எதைப் பார்த்து மஞ்சூர் செய்யும்? தன் எல்லையை அறிந்து அதற்குள் ஒழுங்காக வேலை செய்கிறவரே எந்த ஸ்தாபனத்திற்கும் தூண்.

மேலும் அவள் நம்மோடு களை எடுத்தவள் என்பதே அவளுக்குரிய பெரிய தகுதி. ஜெர்மனியில் ரைபைஸன் கிராம நாணய சங்கங்களை ஏற்படுத்தியபோது, சங்கத்தின் எல்லை சிறிதாயிருக்கவேண்டும் என்று விதித்தார். ஒருவரையொருவர் அறிந்தவர்களுக்குள்தான் நாணயம் நிலைக்கும் என்பது அவர் கொள்கை. சென்னை மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்ஸன் 1895, 1897 வருஷங்களில் சமர்ப்பித்த அறிக்கையில் அம்முறையையே சிபாரிசு செய்தார். 1904-ல் சட்டம் வந்தது. அவ்வருஷமே திருவள்ளூரை அடுத்த திரூரில் நாணய சங்கம் தோன்றியது. யாருக்குக் குடிப்பழக்கம், யார் மாத்திரையைக் கூரையில் செருகிவைத்துவிட்டுச் சாப்பிட்டேன் என்கிறார், எந்த மருமகள் மயக்கமாயிருக்கிறதென்று வெளியே சொல்லமாட்டாள் என்பதெல்லாம் பட்டணத்து டாக்டருக்குத் தெரியாது. தெருக்காரிக்குத் தெரியும். கடனுக்கு ஆதாரமாயிருந்த அந்தப் பரஸ்பர அறிவே ஆரோக்கியத்திற்கும் ஆதாரமாகிறது.

ஆகவே நாம் செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, விட்டுப்போன வீடுகளைக் கண்டுபிடியுங்கள். அங்கத்தினர் ஜாபிதாவும் தெரு வரிசையும் சங்கத்தில் இருக்கின்றன. தனியாயிருக்கும் கிழவர்கள், படுக்கையிலிருப்பவர்கள், பிழைப்புக்கு வெளியூர் போனவர்களின் குடும்பங்கள், ஏரிக்கரைக்கு அப்பாலுள்ள குடியிருப்புகள் இவற்றைக் குறித்து, சுகாதார ஊழியரிடம் கொடுங்கள். பெரிய தெருவோடு நின்றுவிடும் வைத்தியம் பாதி வைத்தியம்கூட அல்ல. ஏனெனில் வராத தெருவில்தான் வியாதி அதிகம் மறைந்திருக்கும்.

இரண்டாவது, ஆண்களை அகப்படச் செய்யுங்கள். ஊழியர் காலை பத்து மணிக்கு வந்தால் ஆண்கள் வயலில் இருப்பார்கள். ரேஷன் கடையைக் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிற ஊரில், சாமான் போடும் நாளில் திண்ணையில் ஒரு நாற்காலி போட்டு அளக்கச் செய்யலாம். வரிசையில் நிற்கிற நேரம் வீணாகாது. அளவு கருவி போதாதென்றால், சங்கத்தின் லாபத்திலிருந்து பொது நன்மைக்கென ஒதுக்கும் நிதியில், விதிகள் இடங்கொடுக்கும் அளவிற்கு, ஒன்று வாங்குவதை நிர்வாக சபை ஆலோசிக்கட்டும்.

மூன்றாவது, தொடங்கிய மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள். “அழுத்தம் இறங்கிவிட்டது, இனி எதற்கு?” என்பார்கள். இறங்கியது மாத்திரையினால்தான். இரண்டு தவணை ஒழுங்காகக் கட்டியதனால் கடன் தீர்ந்துவிட்டதென்று மூன்றாவதை விடலாமா? குறைப்பதானாலும் நிறுத்துவதானாலும் டாக்டர் சொல்லட்டும். உப்பை ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் அடக்கும்படி உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. அது ஒரு சிறு கரண்டியளவுதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றிலுள்ள உப்பும் அதில் சேர்த்தி. நீரிழிவுள்ளவர்கள் இரவு படுக்குமுன் உள்ளங்காலைப் பார்க்கவேண்டும். மரத்துப்போன காலில் கருவேல முள் தைத்தாலும் தெரியாது. தெரியாத முள்ளினால் காலையே எடுக்க நேர்ந்ததுண்டு.

நான்காவது, பக்கவாதத்தின் அடையாளங்களைக் குழந்தைகளுக்கும் கற்பியுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராமல் சரிவது, பேச்சுக் குழறுவது, இவற்றில் ஒன்று திடீரென்று கண்டாலும் கைமருந்து தேடாமல் 108-க்குச் சொல்லுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி தகுந்தவர்களுக்குப் பயன்படுவது தொடங்கி நாலரை மணி நேரத்திற்குள்தான். ஆகையால் எத்தனை மணிக்குத் தொடங்கியதென்று குறித்துக்கொள்வதும் அவசியம்.

ஐந்தாவது, இரகசியம். ஓர் அங்கத்தினரின் கடன் கணக்கை மற்றவரிடம் சொல்லும் காரியதரிசியை நீங்கள் மன்னிக்கமாட்டீர்கள். வியாதிக் கணக்கும் அப்படியே. மணம் பேசும் பெண்ணுக்குச் சர்க்கரை என்று ஊர் பேசினால், அதன்பின் எந்த வீட்டுப் பெண்ணும் பரிசோதனைக்குக் கை நீட்டமாட்டாள். ஒரு வாயின் பேச்சு ஊரிலுள்ள எல்லாக் கதவையும் அடைத்துவிடும்.

இவற்றில் பெரும் பணம் வேண்டியது ஒன்றும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டியது ஒழுங்கு. சிறு தொகையைத் தவறாமல் செலுத்தினால் பெரிய கடனும் தீரும் என்று நமக்குக் கற்பித்தது இந்தச் சங்கமே. அதே பாடத்தை உடம்பிற்கும் படிக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தலைவரின் உத்தரவுபெற்று ஒரு யோசனையைச் சபையின்முன் வைக்கிறேன். ஒவ்வொரு தெருவுக்கும் ஓர் அங்கத்தினராக, கூடியவரையில் பாதிப் பேர் பெண்களாக, ஒரு சிறு குழுவை இன்றே நியமியுங்கள். அக்குழு சுகாதார ஊழியருடன் சென்று, பரிசோதனை நடந்த வீடுகள் எத்தனை, மாத்திரை தொடர்ந்து சாப்பிடுவோர் எத்தனை, விட்டவர் எத்தனை என்று எண்ணிக்கையை மட்டும், பெயரில்லாமல், அடுத்த மகாசபையில் தெரிவிக்கட்டும். வரவேண்டிய பாக்கியை வாசிக்கிற அதே சபையில் அந்த எண்ணிக்கையும் வாசிக்கப்பட வேண்டும். தீர்மானத்தை முன்மொழிகிறவர் யார் என்று தலைவர் அவர்கள் கேட்கலாம். வழிமொழிவதற்குத் தாய்மார்களில் ஒருவர் எழுந்தால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன்.